ஒரு மடிக்கணினிக்கு எத்தனை ஏக்கர்?

கரையோர இயந்திர மானியச் சங்கத்தின் சட்டதிட்டமான யாப்பு, "ஏழைக்கு இயந்திரம் வாங்கத் தெரியாது" என்ற வாசகத்துடன் தொடங்குகிறது. ஆகவே அவருக்கான இயந்திரத்தைச் சங்கமே தெரிவு செய்யும் என்று அடுத்த வாசகம் சொல்கிறது. அதற்கடுத்த பகுதி கூட்டங்களில் பரிமாறப்படும் சிற்றுண்டி பற்றியது. யாப்பில் மிக விரிவாக எழுதப்பட்டிருப்பது அந்தப் பகுதிதான்.

கடல் பொங்கிய காலத்தில் வந்த உதவிப் பணத்தில், வயற்காரர்களுக்கு நீரிறைக்கும் இயந்திரம் கொடுப்பதற்காக நமது ஊரில் தொடங்கப்பட்ட சங்கம் இது. வயற்காரர்கள் எல்லோருக்கும் இயந்திரம் கிடைத்து, அவற்றிற் பல துருப்பிடித்தும் போன பின்னர், சங்கத்தைக் கலைத்தாலென்ன என்று ஒருவர் கேட்டார். தலைவர் அப்துல் ஹமீட் ஹாஜியார் கண்கலங்கினார். "இயந்திரம் போகலாம், சங்கம் போகலாமா?" என்றார். அன்றிலிருந்து எந்த இயந்திரத்துக்கும் பாதிவிலை மானியம் என்று தீர்மானமாயிற்று. விண்ணப்பதாரி ஒரு பாதியைக் கொண்டுவர வேண்டும். மறு பாதியைச் சங்கம் போடும். எதை வாங்குவது என்பதைச் சங்கத்தின் தெரிவுக்குழு தீர்மானிக்கும். கேட்ட கேள்விக்காக அந்த ஒருவர் அடுத்த கூட்டத்தில் நீக்கப்பட்டார்.

ஐஸ் வியாபாரி காலிதீன் இந்தச் சங்கத்தின் படியை மிதித்தது மகள் அஸ்னாவுக்காக. உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்திருந்த அஸ்னா, கணினிப் பட்டப்படிப்பு ஒன்றுக்குத் தெரிவாகியிருந்தாள். வகுப்புகள் பெரும்பாலும் இணைய வழியில் நடந்தன. உம்மா கைருன்னிஸாவின் கீறல் விழுந்த போனில் விரிவுரையைக் கேட்கலாம். செய்முறைப் பயிற்சிகளைச் செய்ய முடியாது. முதல் தவணைச் செய்முறைகளை ஒப்படைக்காதவர்களின் பதிவு இரத்தாகும் என்று அறிவித்திருந்தார்கள்.

வாப்பாவும் மகளும் கல்முனையில் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியாக நஸீமின் கடைக்குப் போனார்கள். நஸீம் பழைய கணினிகளைத் திருத்தி விற்பவன்.

"காலிதீன் காக்கா, ஒங்கட காசிக்குப் புதுசி எடுத்தா பெட்டிதான் பளபளக்கும். ரெண்டு வேலய ஒண்டாக் குடுத்தா மூச்சு வாங்கும்" என்றான் அவன். உள்ளேயிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்து வந்தான். "இது கொழும்பில ஒரு கந்தோர் மேசையில கிடந்த சாமான். மூல நசுங்கியிரிக்கி, பாக்க வடிவில்ல. ஆனா நல்லா இழுக்கும்."

அஸ்னா திறந்தாள். நினைவகம் எவ்வளவு, பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டாள். எல்லாப் பொத்தான்களையும் ஒருமுறை தட்டிப் பார்த்தாள். "வாப்பா, இதுதான்" என்றாள்.

மடிக்கணினித் தெரிவு உண்மையில் அந்த இடத்தில் முடிந்துவிட்டது. ஆனால் காலிதீனிடம் இருந்தது விலையில் பாதி.

"கையில உள்ள காசிக்கு ஏதும் இரிக்கா தம்பி?"

"இரிக்கி காக்கா. திரைதான் இல்ல."

எனவே காலிதீன் சங்கத்துக்குப் போனார். கடற்கரைத் தோணிகளுக்குக் கொண்டுபோகும் ஐஸ்கட்டிகளை மரத்தூள் போட்டு மூடி, லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றியிருந்தார். பத்து நிமிட வேலைதானே என்று அதை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

செயலாளர் உதுமாலெப்பை ஒரு படிவத்தை விரித்தார்.

"எத்தின ஏக்கருக்குப் பாய்ச்ச?"

"என்னத்த?"

"தண்ணிய."

"செயலாளர், நான் கேக்கிறது லெப்டொப். மகள் படிக்க."

"அது எனக்கு விளங்குது காக்கா. படிவத்துக்கு விளங்கணுமே. ஏக்கர வெறுமையா உட்டா மேல அனுப்ப ஏலா."

காலிதீன் யோசித்தார். "வீட்டு வளவு இரிக்கி. ரெண்டு முருங்க நிக்கிது."

உதுமாலெப்பை "மேட்டுநிலப் பயிர்" என்று எழுதினார். "எரிபொருள்?"

"கரண்டு."

"மண்ணெண்ணெயா டீசலா எண்டுதான் கிடக்கு."

"எது மலிவு?" என்று கேட்டார் காலிதீன். அந்தக் கேள்வி தன் வாயிலிருந்து எப்படி வந்தது என்று பின்னர் வீட்டில் வெகுநேரம் யோசித்தார். மண்ணெண்ணெய் என்று பதிவாயிற்று.

இதற்குள் வாசலில் ஐஸ் உருகி, சங்கத்தின் முற்றத்தில் ஓடத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் வந்து சேர்ந்த ஹமீட் ஹாஜியார் சறத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தார். அவருடைய முகம் மலர்ந்தது.

"பாத்தயளா? விண்ணப்பம் குடுத்த ஒடனே தண்ணி பாயுது. இதான் சங்கம்!"

தெரிவுக்குழு கூடியது. குழுவில் மூவர்: ஹாஜியார், உதுமாலெப்பை, ஆதம்பாவா. விண்ணப்பதாரி என்ற வகையில் காலிதீனும் ஓர் ஓரத்தில் இருத்தப்பட்டார். ஹாஜியார் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"நான் அதிபரா இரிந்த காலத்தில என்ட பாடசாலைக்கு ஒரு அறை நெறயக் கொம்பியூட்டர் வந்திச்சி. மத்தப் பாடசாலயளப் பாருங்க. புள்ளயள் தொட்டு, தட்டி, எல்லாத்தையும் பழசாக்கிட்டாங்க. நான் உட்டனா? அறையப் பூட்டி, திறப்ப இடுப்பில வெச்சிக்கிட்டன். நான் ஓய்வு பெற்ற நாளும் அதுகள்ட பொலித்தீன் கழறல்ல. இண்டைக்கும் நான் ஒரு கொம்பியூட்டர விரலால தொட்டவனில்ல. தொட்டவனுக்கு ஆச வரும். ஆச வந்தா நீதி பிசகும். அதால இந்த விசயத்தில தீர்ப்புச் சொல்ல என்னப் போல தகுதியான ஆள் இந்தக் கரையில இல்ல."

குழு கைதட்டியது. காலிதீனும் தட்டினார். பாதி விலை அவர்கள் கையில் இருந்தது.

அடுத்துப் பேசியவர் ஆதம்பாவா. நமது பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருவார். வருகிறவர் எப்படிப்பட்டவர் என்று வேர்வரை விசாரிப்பது வழக்கம். அட்டாளைச்சேனை வரையில் அப்படிப்பட்ட விசாரணைகளுக்கு ஆதம்பாவாவைத்தான் கூப்பிடுவார்கள்.

"கொமர்ப்புள்ள இரிக்கிற வீட்டுக்குள்ள வெளியூர்ச் சாமான் ஒண்டு குடிவரப்போகுது" என்றார் அவர். "அதும் முன்ன ஒரு இடத்தில இரிந்தது. விசாரிக்காம உடுறதா?"

மறுநாள் குழு முழுவதும் நஸீமின் கடைக்குப் போனது. ஆதம்பாவா கதிரையை மடிக்கணினிக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சொந்த ஊரு?"

"கொழும்பு" என்றான் நஸீம்.

"ஆரோட இரிந்திச்சி?"

"ஒரு கணக்காளரோடயாம்."

"எத்தின வருசம்?"

"நாலஞ்சி இரிக்கும்."

"நல்லா இரிந்த சாமான அவரு ஏன் உட்டாரு?"

"புதுசி எடுத்திட்டாரு காக்கா."

ஆதம்பாவா உதுமாலெப்பையைத் திரும்பிப் பார்த்தார். உதுமாலெப்பை தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார்: "முன்னைய இடத்திலிருந்து விலக்கப்பட்டது. காரணம் மேலும் விசாரிக்கப்பட வேண்டும்."

"மூல ஏன் நசுங்கியிரிக்கி? அடிதடிக்குப் போறதா?"

"விழுந்திரிக்கும்."

"விழுற பழக்கம் உண்டு" என்று ஆதம்பாவா சொல்ல, அதுவும் பதிவாயிற்று.

பிறகு வீடு பார்க்கும் படலம். மடிக்கணினி குடியேறப்போகும் வீட்டைப் பார்க்காமல் சிபாரிசு செய்வது முறையல்ல என்று குழு கருதியது. கைருன்னிஸா முட்டை உடைத்து ஊற்றி வட்டிலப்பம் செய்து வைத்தாள். குழு வந்து, உண்டு, கைகழுவிய பிறகுதான் உதுமாலெப்பை வரவில்லை என்பதும், ஆகவே இது உத்தியோகபூர்வ வருகை ஆகாது என்பதும் கவனத்துக்கு வந்தன. மறுபடி வந்தார்கள். மறுபடி வட்டிலப்பம். அந்தமுறை எல்லோரும் இருந்தார்கள்; படிவத்தை யாரும் கொண்டுவரவில்லை.

"இந்தச் சாமான் வந்து சேருறதுக்குள்ள கடையில உள்ள முட்டையெல்லாம் முடிஞ்சிரும்கா" என்று கைருன்னிஸா குசினிக்குள் நின்று புருசனிடம் சொன்னாள். "மாப்பிளைக்கே நான் இவ்வளவு செய்யமாட்டன்."

மூன்றாவது வருகையில் குழு அஸ்னாவின் மேசையை அளந்தது. யன்னல் கடற்பக்கம் பார்ப்பதால் மடிக்கணினிக்குச் சளி பிடிக்குமா என்று ஆராய்ந்தது. அஸ்னா அறைக்கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் எழும்பும்போது முன்னால் வந்தாள்.

"ஹாஜியார், செய்முறை ஒப்படைக்கிற நாள் கிட்டிட்டு. இன்னம் ஒண்டும் செய்யல்ல. பதிவ வெட்டிருவாங்க."

"மகள்" என்றார் ஹாஜியார், பரிவோடு. "அவசரம் ஷைத்தான்ட வேல. சங்கம் ஒரு நாளும் ஷைத்தான்ட வேலய செஞ்சதில்ல."

இனி எஞ்சியிருந்தது ஓட்டப் பரீட்சை. மானியத்தில் வாங்கும் எந்த இயந்திரமும் வாய்க்கால் ஒன்றில் இறக்கி ஓட்டிப் பார்க்கப்பட வேண்டும். அந்த வயற்கண்டத்துக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை அதைப் பார்த்து அத்தாட்சி தரவேண்டும். யாப்பில் அப்படித்தான் இருந்தது. அதை மாற்ற வேண்டுமானால் பொதுச்சபை கூட வேண்டும். பொதுச்சபை கூடினால் தலைவர் தெரிவும் நடக்க வேண்டும். எனவே மாற்றத் தேவையில்லை என்று ஹாஜியார் தீர்ப்பளித்தார்.

வட்டவிதானை இராசதுரை வரம்பில் காத்து நின்றார். நஸீம் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். பின்னால் காலிதீனும் அஸ்னாவும்.

"ஹாஜியார், இத எங்க இறக்கச் சொல்றீங்க?" என்று கேட்டார் இராசதுரை.

"வாய்க்கால்ல."

"இறக்கினா செத்துப்போகும்."

"சாகும் எண்டு பரீட்சிக்காம எப்பிடிச் சொல்லுவீங்க? முன்கூட்டியே முடிவெடுக்கிற பழக்கம் சங்கத்தில இல்ல."

"இது இன்னம் என்ட சாமான்!" என்று கத்தினான் நஸீம். "நான் குடுக்கமாட்டன். முதல்ல என்னத் தள்ளுங்க வாய்க்காலுக்க!"

நஸீமை இறக்குவதற்கு யாப்பில் இடம் இருக்கவில்லை. நீண்ட ஆலோசனைக்குப் பின், நஸீம் அதைத் தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்துக்கொண்டு நிற்பது என்று இணக்கம் ஏற்பட்டது. நின்றான். கொக்கொன்று வந்து பார்த்துவிட்டுப் போனது. அஸ்னா கண்ணை மூடிக்கொண்டாள்.

இராசதுரை பேனையை எடுத்தார். "பிள்ளை, இது மாரிப் போகத்துக்கா, சிறுபோகத்துக்கா?"

"முதல் தவணைக்கு, ஐயா."

அவர் சற்று யோசித்து, இப்படி அத்தாட்சி எழுதிக் கொடுத்தார்: "இயந்திரம் வாய்க்காலுக்கு மேலாகப் பிடிக்கப்பட்டது. நீர்மட்டத்தில் மாற்றம் எதுவும் காணப்படவில்லை. விவசாயிகளுக்கு ஆட்சேபனை இல்லை."

ஹாஜியார் அதைச் சத்தமாக வாசித்து, சங்கத்தின் சரித்திரத்தில் இவ்வளவு சுத்தமான அத்தாட்சியைத் தான் கண்டதில்லை என்றார்.

காலிதீன் அன்று வீட்டுக்கு ஓடியோடி வந்தார். அலுமாரிக்குள் இருந்த பணத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். காலையில் சங்கம் திறக்கும் முன்னரே, மகளையும் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றார். ஐஸ்பெட்டி வழக்கம்போல முற்றத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியது.

உள்ளே மேசையில் மடிக்கணினி இருந்தது. அதே சாம்பல் நிறம், அதே நசுங்கிய மூலை. மூடியில் மட்டும் வெள்ளைப் பெயின்றால் "க.இ.மா.ச. சொத்து" என்று எழுதப்பட்டிருந்தது. பெயின்ற் இன்னும் காயவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ், வாங்கிட்டீங்களா? இந்தாங்க என்ட பாதி" என்று மடியை அவிழ்த்தார் காலிதீன்.

"அது வேறகா" என்றார் உதுமாலெப்பை. "அறிக்கை எழுதணும். நமக்குக் காசி அனுப்புற தலைமைச் சபை கையால எழுதின அறிக்கைய எடுக்காது. தட்டச்சு செய்யணும். அதுக்கு ஒரு மெஷின் வேணுமே. தெரிவுக்குழு ஏற்கெனவே பாத்து, விசாரிச்சி, பரீட்சிச்ச சாமான் ஒண்டு இரிக்கெக்க வேற ஏன் தேடுவான்? ஒங்கட மானியத்தோட அடுத்த விண்ணப்பதாரிட மானியத்தையும் சேத்து எடுத்திட்டம்."

"என்ன அறிக்கை?"

"ஒங்கட மகளுக்கு லெப்டொப் தேவையா இல்லையா எண்டு."

காலிதீன் மேசைக்குக் கிட்டப் போனார். "அப்ப அத எழுதிப்போட்டு, இத அவளுக்குக் குடுங்களன்."

ஹாஜியார் முகம் சிவந்தது. "சங்கச் சொத்த தனியாளுக்குக் குடுக்கிறதா? காலிதீன், ஒங்கள நான் நேர்மையான ஆள் எண்டு நினைச்சிரிந்தன்."

"அப்ப எங்கட மானியம்?"

"அதான் இந்தா இரிக்கே!" ஹாஜியார் மடிக்கணினியைச் சுட்டினார். தொடவில்லை. "கவலப்படாதீங்க. அறிக்கை போனா, அடுத்த ஒதுக்கீடு வரும். வரும்போது பாப்பம், இன்ஷா அல்லாஹ்."

காலிதீன் பணத்தைத் திரும்ப மடியில் கட்டினார். முடிச்சு சரியாக விழவில்லை. "வா மகள், போவம்" என்றார்.

அஸ்னா அசையவில்லை. அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறிக்கைய ஆரு டைப் பண்ணுற?" என்று கேட்டாள்.

ஹாஜியார் உதுமாலெப்பையைப் பார்த்தார். உதுமாலெப்பை ஆதம்பாவாவைப் பார்த்தார். ஆதம்பாவா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, பக்கவாட்டிலும் பின்புறத்திலும் அழுத்திப் பார்த்தார். அது திறக்கவில்லை. மூடியில் இருந்த பெயின்ற் அவர் விரலில் ஒட்டிக்கொண்டது.

"நான் பண்ணித் தாறன்" என்றாள் அஸ்னா. "சம்பளம் வாணாம்."

ஹாஜியாருக்குக் கண்கலங்கியது. "இதான் சேவை மனப்பான்மை. எழுதிக்கங்க உதுமாலெப்பை. காலையில வந்து பின்னேரம் அசர் தொழுகை வரைக்கும் இரிக்கணும் மகள். ஏலுமா?"

"ஓம் ஹாஜியார். கட்டாயம்."

செய்முறைகள் கடைசி நாளில், அறிக்கைக்காகச் சங்கம் எடுத்த இணைய இணைப்பின் ஊடாக ஒப்படைக்கப்பட்டன. அதுவரை அறிக்கையில் தலைப்பு மட்டுமே தட்டச்சாகியிருந்தது.

ஹாஜியார் அடிக்கடி பின்னால் வந்து நின்று பார்ப்பார். ஒருநாள் திரை முழுக்கச் சின்னச் சின்ன வரிகளும் அடைப்புக்குறிகளும் ஓடிக்கொண்டிருந்தன.

"இதென்ன மகள்?"

"அடிக்குறிப்பு, ஹாஜியார்."

"இவ்வளவா?"

"தலைமைச் சபைக்குப் போற அறிக்கையல்லவா."

"ஓம் ஓம், போடு. கூடப் போடு" என்றார் அவர், மனநிறைவோடு. அன்று அஸ்னாவுக்கும் சிற்றுண்டி ஒதுக்கப்பட்டது.

இருந்தாலும் ஓர் ஆபத்து இருந்தது. சொல்வதற்கு அதிகம் இல்லாத அறிக்கை அது. தேவை என்றோ தேவையில்லை என்றோ ஒரு வரி எழுதினால் முடிந்துவிடும். முதலாம் ஆண்டு முடியும் தறுவாயில் உதுமாலெப்பை, "கையொப்பம் வெச்சி அனுப்பிருவமா?" என்று கேட்டார்.

அஸ்னா திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "அனுப்பலாம். ஆனா ஹாஜியார்ட சேவையப் பத்தி நாலு வரியில ஒரு பந்திதான் கிடக்கு. அவருக்கு அது காணுமா எண்டு பாருங்க."

ஹாஜியார் வாசித்தார். ஒரு பந்தி. அவருக்கே தன்மேல் இரக்கம் வந்தது. அறிக்கை நிறுத்தி வைக்கப்பட்டது. அவர் பிறந்ததிலிருந்து தொடங்கிச் சொல்லிவந்தார். பாடசாலைக் கணினி அறையின் பூட்டு பற்றித் தனி அத்தியாயம் அமைந்தது. அது முடிந்ததும் ஆதம்பாவா மெதுவாக வந்து, தான் விசாரித்த மாப்பிள்ளைமாரின் விபரங்கள் ஆவணப்படுத்தப்படாமல் போவது சமுதாயத்துக்கு இழப்பு அல்லவா என்றார். அஸ்னா ஓம் என்றாள். இரண்டாம் ஆண்டு இவர்கள் இருவரிலுமாகப் போனது. மூன்றாம் ஆண்டில் உதுமாலெப்பை சிற்றுண்டிகளின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். குழுவில் மூவர்தான் என்பதும் படிப்புக்கு நான்கு ஆண்டு என்பதும் அஸ்னாவைக் கொஞ்சம் கவலைப்படுத்தின. அப்போது வட்டவிதானை இராசதுரை, தன் தரப்பு வாய்க்கால் விபரமும் சேர வேண்டும் என்று கேட்டு ஆள் அனுப்பினார். அவர் அந்த வாய்க்கால் பிறக்கும் சாகாமம் குளத்திலிருந்து தொடங்கினார்.

காலிதீனின் மடியில் இருந்த பாதி, படிப்புக் கட்டணமாகப் போய்ச் சேர்ந்தது. ஐஸ் கொடுக்கப் போகும் வழியில் அவர் சங்கத்து யன்னலுக்கு நேரே லேண்ட்மாஸ்டரைக் கொஞ்சம் மெதுவாக்குவார். உள்ளே மகளுடைய தலை குனிந்திருக்கும். கதவுக்குப் பக்கத்தில் யாராவது ஒருவர் கையை வீசி வீசிச் சொல்லிக்கொண்டிருப்பார். காலிதீன் முடுக்கிவிட்டுப் போய்விடுவார்.

அஸ்னா பட்டம் பெற்ற மாதத்தில் அறிக்கையும் முடிந்தது. இரண்டு பேர் பிடித்துத்தான் தூக்க முடிந்தது. கடைசிப் பக்கத்தின் கடைசி வரி: "விண்ணப்பதாரியின் மகளுக்கு மடிக்கணினி தேவை என இக்குழு ஏகமனதாகக் கருதுகிறது." தலைமைச் சபை பாராட்டுக் கடிதம் அனுப்பியது, மண்ணெண்ணெய்க்கு ஏற்பாடு உண்டா என்று ஒரே ஒரு விளக்கம் கேட்டது. பட்டமளிப்புப் படம் சங்கத்தின் சுவரில் மாட்டப்பட்டது. அதன் கீழ் "எமது மடிக்கணினித் திட்டத்தின் முதற் பயனாளி" என்று எழுதியிருந்தார்கள். அதன் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், பொலித்தீன் சுற்றி, பூட்டுப் போட்டு அந்த மடிக்கணினி வைக்கப்பட்டது. திறப்பு ஹாஜியாரின் இடுப்பில் இருந்தது. இனி ஒருவரும் அதைப் பழசாக்க முடியாது.

அஸ்னாவுக்குக் கல்முனையில் வேலை கிடைத்தது. சங்கம் அவளைத் தொழில்நுட்ப உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டது. விடுமுறை நாட்களில் வந்து, விண்ணப்பப் படிவம் கொடுக்கும் மேசையில் இருப்பாள்.

அப்படி ஒருநாள் பெரியநீலாவணையிலிருந்து கனகேஸ்வரி என்ற தாயும், மகள் தர்சிகாவும் வந்தார்கள். தர்சிகாவும் படிப்புக்குத் தெரிவாகியிருந்தாள். கையில் பாதி இருந்தது. கல்முனைக் கடையொன்றில் பழையது ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார்கள்.

அஸ்னா அதே நீரிறைக்கும் இயந்திரப் படிவத்தை நீட்டினாள். கனகேஸ்வரி முதல் வரியை வாசித்துவிட்டு மகளைப் பார்த்தாள். மகள் அஸ்னாவைப் பார்த்தாள். உள்ளே ஹாஜியார் யாருக்கோ கணினி அறையின் பூட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அஸ்னா மேசைக்கு மேலாகக் குனிந்தாள்.

"ஏக்கர் கேட்டா என்னத்தையாவது சொல்லுங்க. முருங்க நிண்டாலும் காணும். எண்ணெய் கேட்டா மண்ணெண்ணெய். வட்டிலப்பம் செய்யத் தெரியாட்டி இப்பவே பழகுங்க. கடைசியில, அறிக்கை எழுதவெண்டு நீங்க பாத்து வெச்ச லெப்டொப்பத்தான் அவங்க வாங்குவாங்க. அழுவாதீங்க. அந்த நேரம் தங்கச்சி எழும்பி, டைப் பண்ணத் தெரியுமெண்டு சொல்லணும்."

தர்சிகா படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "அக்கா, அந்த அறிக்கை முடிய எவ்வளவு காலம் எடுக்கும்?"

அஸ்னா பேனையை அவளிடம் கொடுத்தாள்.

"ஒங்கட படிப்பு எத்தின வருசம்?"